வெள்ளைத் துணியில் ஒரு பொய் எறும்பு

மாரி காலத்தில் கொக்குவிலில் என் வீட்டு விறாந்தை முழுக்க வெள்ளைத் துணிதான். புது வகுப்புத் தொடங்குமுன் எல்லாப் பிள்ளைகளுக்கும் சீருடை வேண்டும். இரவில் தையல் மெசினில் இருந்தால், ரியூப் லைற்றுக்கு வரும் பூச்சிகளில் பாதி துணியில்தான் விழும்.

அப்படி விழுந்த ஒன்றைத் தட்டிவிடப் போன மருமகன், "மாமி, எறும்பு!" என்றான். "வடிவாப் பார், அது வண்டு" என்றேன். அவன் நம்பவில்லை. கைபேசிக் கமராவைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

மூன்று மில்லிமீற்றர் இருக்கும். பெரிய தலை, ஒடுங்கிய கழுத்து, நீண்ட கால்கள். ஓடி நின்று ஓடும் நடையும் எறும்பினுடையதே. ஆனால் முதுகின் நடுவே, சட்டையின் பொத்தான் பட்டி மாதிரி, ஒரு நேர்கோடு. இரண்டு கெட்டிச் சிறகுகள் சந்திக்கும் இடம் அது. பறக்கும் சிறகு அதன் அடியில் மடிந்திருக்கும். உணர்கொம்பையும் பார்க்க வேண்டும். எறும்புக்கு அது முழங்கை போல மடங்கும், இதற்கு மடங்காது. எனக்கு அந்தக் கோடு ஒன்றே போதும்.

ஆந்திசிடே என்ற குடும்பம். உலகில் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டாம். எங்கள் வீட்டுக்கு வருவது எந்த இனம் என்று கேட்காதீர்கள், அதற்கு நுணுக்குக்காட்டி வேண்டும். செத்த பூச்சி, மகரந்தம், பூஞ்சணம் என்று கிடைப்பதைத் தின்னும்.

எறும்பு கடிக்கும், அமிலம் பீய்ச்சும். அதனால் பல பிராணிகள் அதை விட்டு விலகும். அந்தப் பயத்தில்தான் இந்த வண்டு பிழைக்கிறது என்கிறார்கள். சுவரில் இருக்கும் பல்லி இதைத் தொட்டதை நான் பார்த்ததில்லை. ஆனால் அது சோம்பேறிப் பல்லி, அதைச் சாட்சிக்கு எடுக்க முடியாது.

எனக்கு இதைவிடப் பிடித்த சங்கதி வேறு. வெண்டிப் பூவைத் தின்னும் செம்மஞ்சள் பட்டை வண்டைத் தெரியும்தானே, நசுக்கினால் தோல் கொப்பளிக்கும்? அந்த நஞ்சின் பெயர் கந்தாரிடின். ஆந்திசிடே வண்டுகளில் சில இனங்கள் அதைத் தேடிப் போகும். ஆண் அதைத் தின்று உடம்பில் சேர்த்துவைத்து, கூடும்போது பெண்ணுக்குக் கொடுக்கும். சீதனத்தை மாப்பிள்ளை கொடுக்கிற குடும்பம்! இதைச் சொன்னதும் துணி வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்த சிரிப்பில் அளவு எழுதிய துண்டைத் தொலைத்துவிட்டா.

இது மனிதரைக் கடிக்காது. ஸ்திரிக்கை போடுமுன் துணியை ஒருதரம் உதறினால் சரி.