டிக்கெட் எடுத்த பிறகு கேட்கிற ஜெபம்

"கர்த்தருடைய சித்தம் என்னவென்று தெரிய வேண்டும், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சபையில் கேட்கிறவர்களில் பலருக்கு முடிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. கர்த்தரிடம் கேட்பது கையெழுத்து மட்டும்தான். இந்த ஜெபம் எப்படிப் பழுதாகிறது என்பதை வேதத்தில் எரேமியா 42-ஆம் அதிகாரம் படிப்படியாகக் காட்டுகிறது.

எருசலேம் பாபிலோனிடம் விழுந்துவிட்டது. பாபிலோன் ராஜா வைத்த அதிபதி கெதலியாவையும் ராஜவம்சத்தானாகிய இஸ்மவேல் மிஸ்பாவில் கொன்றுபோட்டான். கல்தேயர், அதாவது பாபிலோனியர், சும்மா விடமாட்டார்கள் என்ற பயத்தில், மீதியான ஜனங்களோடு சேனைத் தலைவன் யோகனான் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வருகிறான். நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைக் கேட்போம் என்று எல்லாரும் வாக்குக் கொடுக்கிறார்கள். பத்து நாள் சென்றபின் பதில் வருகிறது: இந்தத் தேசத்திலேயே தங்கியிருங்கள், பாபிலோன் ராஜாவுக்குப் பயப்படாதிருங்கள். உடனே எரேமியா பொய்யன் ஆகிவிடுகிறார். அவருடைய எழுத்தன் பாருக்தான் தூண்டிவிட்டான் என்று கூடவே ஒரு குற்றச்சாட்டு.

கோளாறு எங்கே? 41-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களில். கேட்க வருவதற்கு முன்பே அவர்கள் கிபியோனிலிருந்து தெற்கே வந்து, எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு பெத்லகேம் பக்கத்தில் தங்கியாயிற்று. அதாவது மூட்டை கட்டி, பாதி வழி வந்து, பிறகுதான் வழி கேட்டார்கள். எகிப்தைத் தேர்ந்தெடுக்க அவர்கள் வைத்த காரணங்களும் கெட்டவை அல்ல: அங்கே யுத்தம் இராது, எக்காளச் சத்தம் கேட்காது, அப்பத்துக்குக் குறைவிராது. மனுஷத் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான், பாவமாகத் தெரியாது, புத்திசாலித்தனமாகத் தெரியும்.

ஆகவே ஒரு பெரிய முடிவுக்காக ஜெபிக்க உட்காருமுன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிவிடுவது நல்லது. இதற்காக ஏற்கெனவே எதைக் கொடுத்துவிட்டேன் (மனைக்கு அட்வான்ஸ், வேலைக்கு ராஜினாமாக் கடிதம், சம்பந்தி வீட்டுக்கு வாக்கு)? யார் யாரிடம் சொல்லிவிட்டேன்? "வேண்டாம்" என்று பதில் வந்தால் எனக்கு எது போகும்? மூன்றாவது கேள்விக்கு முன்னால் பேனா நின்றுவிட்டால், அங்கேதான் எகிப்து இருக்கிறது. அப்போது "சித்தத்தைக் காட்டும்" என்று கேட்பதைவிட, "ஆண்டவரே, நான் முடிவு பண்ணிவிட்டேன், அதை விட எனக்கு மனமில்லை" என்று சொல்வதே உண்மையான ஜெபம். அதிலிருந்தாவது பேச்சைத் தொடங்கலாம்.

தேதியையும் குறித்துவையுங்கள். பத்து நாள் என்பது சூத்திரம் அல்ல. ஆனால் பயந்து நடுங்கும் கூட்டத்தின் நடுவே எரேமியாவே உடனடியாகப் பதில் சொல்ல முடியாமல் காத்திருந்தார். "இன்றைக்கே டோக்கன் போடாவிட்டால் போய்விடும்" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருக்கு லாபம் என்று பாருங்கள். ஆலோசனையும் இந்தக் காரியத்தில் லாப நஷ்டம் இல்லாத ஒருவரிடமே கேளுங்கள். ஒரு போதகர் "பொறுங்கள்" என்றார் என்பதற்காக "போங்கள்" என்று சொல்லும் அடுத்த போதகரைத் தேடிப்போவது, யோகனான் செய்ததைத் தவணை முறையில் செய்வது. சீட்டு எழுதிக் குலுக்குவதும், கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் அப்படித்தான். பிடிக்காத சீட்டு வந்தால் மறுபடி குலுக்காதவர் எத்தனை பேர்?

பேரம் பேசுவது இன்னொரு வகை. எரேமியா 34-இல், ஆறு வருஷம் வேலை செய்த எபிரெய அடிமையை விட்டுவிட வேண்டும் என்ற பழைய கட்டளை, எருசலேம் விழுமுன் பாபிலோனின் முற்றுகை நெருக்கியதும் ராஜா சிதேக்கியாவுக்கும் பிரபுக்களுக்கும் நினைவுக்கு வருகிறது. கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து, அதன் நடுவே கடந்துபோய், உடன்படிக்கை பண்ணி விடுவிக்கிறார்கள். எகிப்திலிருந்து பார்வோனின் சேனை புறப்பட்டதும், பாபிலோனியர் முற்றுகையைத் தற்காலிகமாக விலக்கினார்கள். விடுதலையானவர்கள் திரும்பவும் அடிமைகள்! ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை செய்த பொருத்தனைகளை நினைத்துப் பார்த்தால் போதும்.

இதனால் திட்டமே போடக் கூடாது என்று சிலர் போதிக்கிறார்கள். எரேமியா 32 அதற்கு இடம் கொடுக்கவில்லை. சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், மதிலைச் சுற்றி எதிரி போட்ட முற்றுகை மேடுகள், தீர்க்கதரிசியோ காவற்சாலை முற்றத்தில். ஒன்றுவிட்ட சகோதரன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் உள்ள ஊர் அது. எதிரி சூழ்ந்திருக்கும்போது போய்ப் பார்க்கக்கூட முடியாத நிலம். இது கர்த்தரின் வார்த்தை என்று, முன்பே கேட்டிருந்தும், அனாமெயேல் நேரில் வந்த பிறகுதான் எரேமியா உறுதியாக அறிந்துகொள்கிறார்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 17 சேக்கல் வெள்ளியை, அதாவது கிட்டத்தட்ட 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதிக் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். இரண்டு பிரதிகள்: ஒன்று திறந்தது, யாரும் வாசிக்கலாம், மற்றது முத்திரையிட்டது, நாளைக்கு வழக்கு வந்தால் உடைத்து ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நீண்ட நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். (சாவுக்கடல் சுருள்கள் ஏறக்குறைய 2,000 வருஷம் ஜாடிகளில் தாங்கின, நல்ல யோசனைதான்.) விசுவாசம் ஒரு சாட்சிக் கையெழுத்தைக்கூடக் குறைக்கவில்லை. சந்தேகத்தையும் அவர் மறைக்கவில்லை, ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: பத்திரத்தை ஒப்படைத்த பிறகுதான், "நகரமே கல்தேயர் கையில் போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொல்லுகிறீரே" என்று ஜெபத்தில் கேட்கிறார்.

யோகனான் கூட்டம் கடைசியில் எரேமியாவையும் பாருக்கையும் சேர்த்துக்கொண்டு எகிப்திலுள்ள தக்பானேஸுக்குப் போய்விட்டது. அந்த நிலத்தில் எரேமியா ஒரு நாளாவது கால் வைத்தார் என்று வேதத்தில் எங்கும் இல்லை. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல் எஸ்றா 2-இல் இருக்கிறது. அதன் 23-ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.