கேள்வியை யாரிடம், எப்படிக் கேட்பது?

2022 ஏப்ரல் வெள்ளத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கேயுள்ள டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்த பிறகு, அப்பகுதி மக்கள் பல மாதங்கள் தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்தே வாழ்ந்தனர். நிவாரணப் பணம் எங்கே போயிற்று என்று கோயில் மண்டபங்களிலும் கல்யாண வீடுகளிலும் நம்மவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அதே கேள்வியை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எழுத்தில் கேட்டால், அமைச்சர் 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது அவை விதி. அவகாசம் கேட்க அவருக்கு வழியுண்டு என்றாலும், அவர் தரும் பதில் யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய பொது ஆவணமாகிவிடுகிறது.

இப்படி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதன் வலிமையை இந்நாட்டில் நிறுவிக் காட்டியவர், நிறவெறி ஆட்சிக் காலத்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஹெலன் சுஸ்மன். 1961 முதல் 1974 வரை தம் கட்சியின் ஒரே உறுப்பினராக, நம் மக்களுக்கு வாக்குரிமையே இல்லாத ஓர் அவையில் அமர்ந்து, கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தின் கீழ் எத்தனை பேர் கைதானார்கள், காவலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவர் விடாமல் கேட்டார். ஒடுக்குமுறையின் கணக்கை ஒடுக்கிய அரசின் வாயாலேயே சொல்லவைத்தார் என்பதுதான் அதில் நான் மிகவும் மதிப்பது. நாட்டுக்கு வெளியே தலைகுனிவு ஏற்படுத்தவே கேட்கிறீர்கள் என்று ஓர் அமைச்சர் குற்றஞ்சாட்டியபோது, தலைகுனிவைத் தருவது என் கேள்விகள் அல்ல, உங்கள் பதில்கள் என்று அவர் திருப்பிச் சொன்னது புகழ்பெற்றது.

இன்று கேட்கும் உரிமை இருந்தும், பல கேள்விகள் தவறான வாசலில் போய் நிற்கின்றன. மருத்துவமனைகள் மாகாண அரசின் பொறுப்பு என்பதால், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள ஆர்.கே.கான் மருத்துவமனையில் எத்தனை மருத்துவர் பணியிடங்கள் காலியாக உள்ளன என்பதைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள மாகாணச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். தெருக்குழாய்த் தண்ணீரைப் பற்றி டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சி மன்றத்தில் கேட்க வேண்டும். இடம் மாறினால், இது எங்கள் பொறுப்பன்று என்ற ஒற்றை வரியே பதிலாக வரும். ஆயினும் பேரிடருக்கென நடுவண் அரசு மாநகராட்சிக்கு வழங்கிய மானியத்தைப் பற்றி நடுவண் அமைச்சரையே கேட்கலாம்.

வாசகமும் முக்கியம். வெள்ள நிவாரணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் முயற்சிகளின் பட்டியல்தான் கிடைக்கும். எந்த நிதியாண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு எந்த ஒப்பந்ததாரருக்கு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, வேலை எந்த நாளில் முடிந்தது என்று தனித்தனியாகக் கேட்டால், ஒன்றுக்குப் பதில் விட்டுப்போனாலும் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். நடுவண், மாகாண அரசுகளின் நிதியாண்டு ஏப்ரல் 1-இலும் மாநகராட்சியினது ஜூலை 1-இலும் தொடங்குவதால், தேதி குறிக்காத கேள்விக்கு அவ்விரு தரப்பும் சொல்லும் தொகைகள் பொருந்தாமல் போகலாம்.

அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, நாட்டின் மொழிகளைக் காக்க அமைக்கப்பட்ட அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியம் மதித்துப் பேண வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் தமிழுக்கென அந்த வாரியம் செலவிட்ட தொகை என்ன, எந்தப் பணிக்கு, எந்த மாகாணத்தில் என்று கேட்கும் ஒரு கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன். எந்த நாடாளுமன்ற உறுப்பினர் வேண்டுமானாலும் அதைத் தம் பெயரில் விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறை அமைச்சரிடம் கேட்கலாம். உங்களுக்கு அறிமுகமான உறுப்பினர் இருந்தால் சொல்லுங்கள், அனுப்பித் தருகிறேன்.