வலி ஊசி: ஏர்வாடிக் கரையிலிருந்து ஒரு செவிலியின் நாட்குறிப்பு

ஜூன் 11

மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில் இருப்பதால் கரையில் படகுகளுக்கு வர்ணம் பூசுவதும் வலை பொத்துவதும் மும்முரமாக நடக்கின்றன. எங்கள் சிறிய மருத்துவமனைக்கு இடுப்புப் பிடிப்போடு வருகிறவர்களும் அதற்கேற்பக் கூடிவிட்டார்கள். “மாத்திரை வயித்தைப் புண்ணாக்குது, ஊசியாப் போட்டுருங்க நர்ஸம்மா” என்று இன்று ஓர் அண்ணன் கேட்டார். ஊசி வயிற்றைத் தொடாது என்ற இந்த நம்பிக்கை எங்கள் பக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அது சரியன்று. நாங்கள் போடும் வலி ஊசியில் இருக்கும் டைக்ளோஃபெனாக் மருந்து எந்த வழியாக உடலுக்குள் போனாலும் இரத்தத்தில் கலந்து, புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உருவாவதைக் குறைக்கிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டுவது அப்பொருள்தான் என்றாலும், இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதுவேதான்.

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய மாத்திரை அட்டையில் அசிக்ளோஃபெனாக் என்று இருந்தது. காலையில்தான் ஒன்று போட்டிருக்கிறார். பெயர் வேறானாலும் இனம் ஒன்றே. இரண்டையும் சேர்த்தால் வலி கூடுதலாகக் குறைந்துவிடாது, புண்ணுக்கும் இரத்தக் கசிவுக்கும்தான் இடமுண்டாகும் என்று டாக்டர் விளக்கிச் சொல்லி, அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 17

இரவு எட்டு மணிக்கு மேல், கல்லடைப்பு வலியில் உட்காரவும் படுக்கவும் முடியாமல் துடித்த ஒருவரைப் படகுக்காரர்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். இந்த ஊசி தன் முழுப் பயனையும் காட்டுமிடம் இதுதான். சிறுநீர்க் குழாயில் கல் சிக்கும்போது சிறுநீரகத்துக்குள் ஏறும் அழுத்தத்தையே இது குறைப்பதால், தகுந்த நோயாளிக்கு மருத்துவர்கள் இதை முதல் மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஆனாலும், வயிற்றுப்புண் உண்டா, மலம் கறுப்பாகப் போனதுண்டா, வலி மாத்திரை போட்டு மூச்சிரைப்போ தடிப்போ வந்ததா, இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், காய்ச்சல் இருக்கிறதா என்பவற்றையெல்லாம் கேட்டு முடிக்காமல் டாக்டர் என்னை மருந்தை எடுக்க விடவில்லை. கல்லோடு காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஊசியோடு நிறுத்தாமல் உடனே ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அடைபட்ட சிறுநீரில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

மூன்று மி.லி. குப்பியில் 75 மி.கி. மருந்து. பிட்டத்தின் மேற்பகுதியில் வெளிப்பக்கக் கால்வாசி இடத்தைப் பார்த்து ஆழமாகக் குத்தினேன். அதற்குக் கீழே உட்பக்கமாகத்தான் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. “கால் வரைக்கும் சுரீர்னு இழுத்தா உடனே சொல்லுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இரத்தம் ஏறவில்லை என்பதைப் பார்த்த பிறகே மெதுவாக மருந்தைச் செலுத்தினேன். அரை மணி நேரத்துக்குள் அவர் முகம் தெளிந்தது. நாளொன்றுக்கு 150 மி.கி.க்கு மேல் போகக்கூடாது, இரண்டு நாளுக்கு மேல் இந்த ஊசியைத் தொடரக்கூடாது என்பதை அவர் மனைவியிடமும் சொல்லி அனுப்பினோம்.

ஜூன் 20

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா மூட்டு வலிக்கு ஊசி கேட்டு வந்தார். உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து ஒரே ஒரு முறைதான் சிறுநீர் போனதாகவும், அதுவும் கட்டன் காப்பி நிறத்தில் கடுத்துப் போனதாகவும் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

உடலில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் நுழையும் நுண் இரத்தக்குழாயைச் சுருங்கவிடாமல் விரித்துப் பிடித்திருப்பது புரோஸ்டாகிளாண்டின்தான். அந்த நேரத்தில் வலி ஊசி அதைத் தடுக்கிறது. எனலாப்ரில் அந்த வடிகட்டியிலிருந்து வெளியேறும் இரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை இருக்கிற நீரையும் வெளியேற்றுகிறது. மூன்றும் ஒன்றுகூடினால் வடிகட்டும் அழுத்தமே இல்லாமல் போய்ச் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். வெயிலில் நின்று உழைப்பவர்கள் நிறைந்த இக்கரையில் இந்த ஊசியைப் பற்றி எனக்குள்ள பெரிய அச்சம் இதுவே. “ஊசி போடலைன்னா நாளைக்கு வேலைக்குப் போக முடியாது தாயி” என்று அவர் சொன்னது மனத்தைப் பிசைந்தது. கூலிக்காரர்களுக்கு ஒரு நாள் வலி என்பது ஒரு நாள் சோறு. இருந்தும் டாக்டர் ஊசி கொடுக்க மறுத்தது சரியே. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, பாராசிட்டமால் எழுதி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தோம்.

ஜூன் 26

மதுரையில் கை எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய பெரியவருக்குக் கீட்டோரோலாக் ஊசியைத் தொடர்ந்து போடச் சொல்லி அவர் மகள் மருந்தோடு வந்தார். இதுவும் டைக்ளோஃபெனாக் இனம்தான், வலியை வெகுவாக அடக்கக்கூடிய மருந்து. ஆனால் ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் ஐந்து நாளோடு நிறுத்திவிட வேண்டும். அங்கே முதல் ஊசி போட்ட நாளிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. வயது 65க்கு மேலோ, எடை 50 கிலோவுக்குக் கீழோ இருந்தால் வேளைக்கு 15 மி.கி., நாளைக்கு 60 மி.கி. என்பதே உச்ச வரம்பு. மதுரையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தால், ஐந்து நாளும் முடிந்திருந்தன. மீதி ஊசிகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் மகளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

ஜூன் 29

காய்ச்சலும் உடம்பு வலியுமாகச் சிலர் வந்தார்கள். டெங்கு இல்லையென்று தெரியும்வரை எவருக்கும் வலி ஊசி கிடையாது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும் நோயில், அவற்றின் வேலையையும் இம்மருந்து கெடுக்கிறது. இன்று முதல், ஊசி போடுகிற ஒவ்வொருவருடைய சீட்டிலும் மருந்தின் பெயரையும் அளவையும் நேரத்தையும் தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறேன். அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதைக் காட்டச் சொல்கிறேன்.