எம்.எஸ்சி. நர்சிங்கில் மகப்பேறு பிரிவு எடுத்துப் படித்த அனுபவம்

மேல்படிப்பு பற்றி யோசிக்கும் தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்தப் பிரிவு எடுக்கலாம்?" என்பதுதான். எம்.எஸ்சி. நர்சிங்கில் ஐந்து சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன. நான் எடுத்தது மகப்பேறும் மகளிர் நோயும், எங்கள் பேச்சு வழக்கில் ஓ.பி.ஜி. பிரசவம் பார்க்கும் லேபர் வார்டில் நிற்கப் பிடிக்கும், இரவு டியூட்டிக்கு அஞ்சமாட்டேன் என்பவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். வேலை சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் எடுத்தவர்கள் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பி.எஸ்சி. நர்சிங்கில் 55 சதவீத மதிப்பெண்ணும், பதிவு பெற்ற செவிலியராக ஒரு வருட அனுபவமும் கேட்பார்கள். அந்த ஒரு வருடம் எந்த வார்டில் என்று விதி பார்ப்பதில்லை. ஆனாலும் லேபர் வார்டிலேயே இருந்துவிட்டு வாருங்கள். வகுப்பில் பேசுவதெல்லாம் கண்ணால் பார்த்த கேஸாக இருந்தால் படிப்பு பாதி சுலபம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலருக்கும் சிக்கல். நான் சேர்ந்த தனியார் கல்லூரியின் சொந்த மருத்துவமனையில் பிரசவங்கள் மிகக் குறைவு. அதனால் பயிற்சிக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஹவுஸ் சர்ஜன்கள், பட்ட மேற்படிப்பு மருத்துவர்கள், பி.எஸ்சி. மாணவிகள், டிப்ளமோ மாணவிகள் எல்லோரும் அதே லேபர் டேபிளைச் சுற்றி நிற்பார்கள். பகலில் கேஸ் கிடைப்பதே அபூர்வம். இரவில் போய் நின்றால்தான் கையில் வேலை வரும். கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது என்று கேளுங்கள். நூலகத்தையும் கட்டடத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பார்த்த கேஸ்களைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்தை அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள், மாதக் கடைசியில் யாரும் கண்ணில் பட மாட்டார்கள்.

முதல் வருடத்தில் செவிலியக் கல்வி, உயர்நிலைச் செவிலியப் பயிற்சி, ஆராய்ச்சியும் புள்ளியியலும், அதோடு சிறப்புப் பாடத்தின் முதல் பகுதி. புள்ளியியல் எல்லோரையும் மிரட்டும். கணக்கைக் கையால் போட்டுப் பழகினால் போதும், அது ஒரு விஷயமே இல்லை.

என் வேலையை மாற்றியது பார்டோகிராஃப், பிரசவம் எப்படிப் போகிறது என்று வலி நேரத்திலேயே புள்ளி வைத்துக் குறிக்கும் வரைபடம். ஆனால் பல இடங்களில் குழந்தை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்பும் காகிதம் அது. எங்கள் மேடம் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் "இதைப் பார்த்து இப்போது என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கருப்பை வாய் திறக்க வேண்டும் என்று நாங்கள் பி.எஸ்சி.யில் மனப்பாடம் செய்திருந்தோம். அந்த வேகத்தை எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 பரிந்துரைகளில் சொல்லிவிட்டது. தீவிர வலிக் கட்டம் ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் கணக்கு. 2020இல் வந்த புதிய பிரசவப் பராமரிப்புப் படிவத்தில், குழந்தையின் இதயத் துடிப்புக்கும் முன்பாக நான்கு விஷயங்களைக் குறிக்கச் சொல்கிறார்கள்: துணைக்கு ஆள் இருக்கிறாரா, வலி குறைய என்ன செய்தோம், குடிக்க ஏதாவது கொடுத்தோமா, எந்த நிலையில் இருக்கிறார்.

முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், நான்கு சென்டிமீட்டரில் வெகுநேரம் அப்படியே இருந்தாள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது, பனிக்குடமும் உடையவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்திருந்தவளை எழுப்பி, அவள் அம்மாவைக் கூட்டி வந்து நடக்க வைத்தோம். "நடந்தா புள்ள விழுந்துடாதாம்மா?" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் நீராகாரம் கொடுத்து, மகளின் இடுப்பை எப்படித் தேய்த்துவிடுவது என்று காட்டினேன். ஊசி, கத்தி எதுவும் இல்லாமல், தையலும் போடாமல் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் முறையைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004லேயே கொண்டுவந்துவிட்டார்கள். கூட்டம் மிகுந்த வார்டுகளில் அந்தத் துணை இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

ஓ.பி.ஜி. என்றாலே பிரசவம் என்று நினைத்துவிடாதீர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனைப் போஸ்டிங் அதே அளவு முக்கியம். தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி மாநிலம் முழுக்க வந்த திட்டம் அது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஸ்டாஃப் நர்ஸ்களே பரிசோதனை செய்கிறார்கள். ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். சந்தேகமான இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக எழும். அந்த ஒரு நிமிடத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் தெரியாமல் போய்விடும். உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டிவிட்டு உபயோகித்தால் அந்தப் பெண்ணின் உடம்பு இறுகாது. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. "எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கும்மா?" என்று கேட்பவர்களிடம் பொறுமையாகப் பேசுவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

இரண்டாம் வருடம் ஆய்வேடு. முதல் பிரசவப் பெண்களுக்கு வலி நேரத்தில் பெரிய பந்தின் மேல் உட்கார்ந்து இடுப்பை அசைப்பது உதவுகிறதா என்பது என் தலைப்பு. எத்திக்ஸ் கமிட்டி, மருத்துவமனை அனுமதி, நிபுணர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துச் சரிபார்ப்பது, சிறிய அளவில் முன்னோட்டமாகச் செய்யும் பைலட் ஸ்டடி என்று வரிசையாகப் போகும். அனுமதிக் கடிதம்தான் ஆமை வேகம், அதை முதலில் கொடுத்துவிடுங்கள். நான் சேர்த்த பெண்களில் சிலருக்குப் பாதியில் சிசேரியன் ஆனதால் கணக்கிலிருந்து விட வேண்டியிருந்தது. அதற்கும் இடம் வைத்துத்தான் எண்ணிக்கையைத் திட்டமிட வேண்டும். 'விழிப்புணர்வுப் பாடம் நடத்தினால் அறிவு கூடுமா' என்ற தலைப்பை மட்டும் எடுக்காதீர்கள். நடத்தினால் கூடும், அதற்கு ஓர் ஆய்வு தேவையில்லை.

படித்து முடித்ததும் நர்சிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியைப் பதிவு செய்தேன். அப்புறம் கிடைத்த வேலை, இந்தப் படிப்பு முடித்த பெரும்பாலானோருக்குக் கிடைப்பதுதான்: கல்லூரியில் டியூட்டர். இவ்வளவு கைப்பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு லேபர் வார்டில் அந்தத் தகுதிக்கான பதவி கிடைப்பது அரிது. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் செவிலியர் சேவை) வழிகாட்டியில், 18 மாதப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சிக்கலில்லாத பிரசவங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பிரிவுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தெலங்கானா அந்த வழிக்கு அதற்கு முன்பே போய்விட்டது. லேபர் வார்டிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், எம்.எஸ்சி. விண்ணப்பம் போடும் முன் இந்தப் பயிற்சியையும் விசாரித்துப் பாருங்கள். கற்றுக்கொடுப்பதிலும் ஆராய்ச்சியிலும் ஆசை இருப்பவர்கள் தயங்காமல் எம்.எஸ்சி. வாருங்கள்.