தமையனைக் கொல்லப் போன டிராகன்

அக்காவின் மகள் கதை எழுதுகிறாள். கதாநாயகி ஒரு டிராகன்; சத்தமில்லாமல் கொல்லப் பழக்கிய கூட்டத்தில் வளர்ந்தவள். இப்போது வந்திருக்கும் கட்டளை, சொந்தத் தமையனையே முடிக்கச் சொல்லி. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் துறையிலிருந்து கடலுக்கு மேலால் நயினாதீவுப் பக்கம் இரவில் பறக்கிறாள். அதுவரை நல்ல வேகம். அதற்குப் பிறகு கொப்பித் தாள் அழித்து அழித்தே ஓட்டை விழுந்திருக்கிறது.

"மாமா, இவள் இப்ப என்ன செய்யிறது?"

நான் பெரிய ஆள் மாதிரி கும்பகர்ணனையும் விபீடணனையும் இழுத்தேன். அண்ணனில்தான் பிழை என்று தெரிந்தும் ஒருவன் அவனுக்காகவே போருக்குப் போனான். மற்றவன் நியாயம் என்று இராமனிடம் போனான்.

பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்: "விபீடணனுக்குப் பிறகு நித்திரை வந்திருக்குமோ?"

(கும்பகர்ணனின் நித்திரையை வைத்து ஒரு பகிடி வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன்.)

பிளேன்டீ ஆறிவிட்டது. டிராகன் இன்னும் கடலுக்கு மேலேதான்.