அம்மாவின் ‘முடியும்’

மார்ச் 2

நான் வேலை முடிந்து வருவதற்குள் அம்மா உதவித்தொகை மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பி வைத்திருந்தாள். பதினொரு பக்கம். குளிக்க: முடியும். உடை மாற்ற: முடியும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற: முடியும். எல்லாம் பேனாவில், அழுத்தமான டிக். இது வேண்டாம்மா, வேற எழுதலாம் என்றேன்.

“பொய் எழுதச் சொல்றியா?”

இல்லை என்றேன். அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

மார்ச் 3

வேறு படிவம் வாங்கி வந்துவிட்டேன். மேசை மேல் வைக்கவில்லை. என் பையிலேயே இருக்கிறது.

மார்ச் 5

நிராகரிப்புக் கடிதத்தை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். ஏன் படிக்கிறேன் என்று தெரியவில்லை, வரி வரியாக மனப்பாடமே ஆகிவிட்டது. ‘அன்றாடத் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்ளும் நிலையில் உள்ளார்.’

முதல் மதிப்பீட்டுக்கு அந்த ஆள் காலை பத்து மணிக்கு வந்தார். அம்மா நாலு மணிக்கே எழுந்துவிட்டாள். அவர் வரும்போது காலில் காலிப்பர் சட்டத்தை மாட்டி, தலை வாரி, முகம் துலங்க உட்கார்ந்திருந்தாள். வந்தவரைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அவர் இருபது நிமிடம் இருந்தார். அவர் பார்த்தது அந்த இருபது நிமிடத்தை. முன்னால் போன ஆறு மணி நேரத்தையும், பின்னால் அம்மா எழுந்திருக்காமல் கிடந்த இரண்டு நாளையும் பார்க்கவில்லை. பார்க்கும்படி நானும் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அது என் தப்பு. அந்தத் தப்புக்கு நான்கு மாதம் செலவாகியிருக்கிறது.

மார்ச் 6

அம்மாவுக்கு வலது தோள் வலி. நேற்று ராத்திரி முழுக்க.

மார்ச் 8

தம்பி பேசினான். கணக்கு கேட்டான், சொன்னேன். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவின் சம்பளம், பிசியோதெரபிஸ்ட், காலிப்பருக்குப் புதுத் தோல்பட்டை, இரவில் யாராவது வந்தால் அதற்கு. என் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்போதே போகிறது. இரவுக்கு ஆள் வைத்தால் மிச்சமும் போய்விடும். அவனால் முடிந்ததை அவன் அனுப்புகிறான், குறை சொல்ல மாட்டேன். “அக்கா, நீ வேலையை விட்டுட்டு அம்மாவைப் பாத்துக்கோயேன்” என்றான். அப்படிச் செய்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அவன் அமைதியாகிவிட்டான். பாவம், அவனுக்கு அங்கிருந்து வேறு என்ன தோன்றும்.

அக்கா சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். ஓர் ஆளைத் தூக்கி உட்கார வைக்கிற வேலைக்கு நாம் கொடுப்பது எப்போதும் குறைவுதான்.

மார்ச் 9

பத்து வருஷம். அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. போலியோ தடுப்பூசி 1955இலேயே வந்துவிட்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது 1965இல், மூன்று வயதில்.

மார்ச் 12

புது டாக்டர். நிதானமாகப் பேசினார், அதற்கே கும்பிடலாம் போலிருந்தது. இப்போது பலம் குறைவது போலியோ திரும்பி வருவது இல்லை என்றார். அன்றைக்கு அந்த வைரஸ் முதுகுத்தண்டுக்குள் இருக்கும் இயக்க நரம்பணுக்களில் ஒரு பங்கை அழித்துவிட்டுப் போனது. பிழைத்த நரம்பணுக்கள் சும்மா இருக்கவில்லை. புதிதாகக் கிளை விட்டு, கேட்பாரற்றுக் கிடந்த தசைநார்களையும் தங்களோடு சேர்த்துக்கொண்டன. அம்மா நடந்தது அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் பங்கைவிடப் பல மடங்கு வேலை செய்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் தாங்கிய நரம்புகள் இப்போது அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாக உதிர்க்கின்றன. இதை நிறுத்த மருந்து இல்லை. களைக்கும்வரை உடம்பை வருத்தாமல் இருப்பதுதான் வைத்தியம்.

“இத்தனை நாள் கஷ்டப்பட்டு நடந்தேன், அதனாலதான் இப்படி ஆச்சுன்றீங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“கஷ்டப்பட்டு நடந்ததாலதாம்மா இத்தனை வருஷம் நடந்தீங்க. இனிமே அந்தப் பலத்தைச் சேத்து வெச்சுச் செலவு பண்ணணும்.”

வரும் வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். வாழ்க்கை முழுக்க எதைச் செய்து ஜெயித்தாளோ, அதையே செய்யாதே என்றால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

மார்ச் 13

தூக்கம் வரவில்லை. அந்தப் படிவத்தின் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். ‘பார்தெல்’ அளவுகோல். பத்துக் கேள்வி, மொத்தம் 100 மதிப்பெண். புளோரன்ஸ் மகோனி, டோரதியா பார்தெல் என்ற இருவர் வெளியிட்டது. வெளிவந்த வருஷம் 1965. இரண்டு முறை பார்த்தேன். 1965தான். அம்மா காய்ச்சலில் கிடந்த அதே வருஷம், எங்கோ இரண்டு பேர் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைச் சரிபார்த்திருக்கிறார்கள்.

100க்கு 100 எடுத்தவரால்கூடத் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை என அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் வந்த வழிகாட்டுதல் இன்னும் தெளிவாக இருக்கிறது: ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் குறிக்க வேண்டும், அவரால் என்ன செய்ய முடியும் என்பதை அல்ல. இந்த ஒரு வரியை எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன். நம் படிவத்தில் கேட்டிருப்பது ‘முடியுமா’ என்று. அம்மாவிடம் ‘முடியுமா’ என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

மார்ச் 15

ஒரு நோட்டில் நேரம் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

11.40 இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். 1.55 கால் ஜில்லென்று கல் மாதிரி இருந்தது, இன்னொரு போர்வை. 2.20 கழிப்பறை, போய்வர 35 நிமிடம். 4.30 வலி, தோளுக்கு ஒத்தடம். 5.50 எழுந்துவிட்டாள்.

போலியோ தசையைத்தான் தின்னும், உணர்ச்சியை விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வலியும் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தும் என்னை எழுப்புவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்கிறாள் என்பதை மட்டும் இந்த நோட்டில் எழுத முடியவில்லை.

மார்ச் 17

நோட்டு அம்மா கையில் கிடைத்துவிட்டது.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை. “என் கழிப்பறைக் கணக்கை ஊருக்குக் காட்டப் போறியா?” என்று மட்டும் கேட்டாள். நானும் ஏதேதோ பேசினேன். உன் மானம் மட்டும்தான் முக்கியமா, நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா என்றேன். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து வேறு அறைக்குப் போக அவளால் முடியாது. நான்தான் போனேன். கோபம் வந்தால்கூட அவள் அங்கேயே இருக்க வேண்டும்.

மார்ச் 18

பேச்சில்லை.

மார்ச் 20

ஒரு அறக்கட்டளையில் பேசினேன். உதவ மனம் இருக்கிறது அவர்களுக்கு. ஒரு போட்டோ வேண்டுமாம், “படுக்கையில இருக்கிற மாதிரி, பாக்கிறவங்களுக்கு நிலைமை புரியணும் இல்லையா?” என்றார்கள். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் தூக்க முடியாமல், தரையில் உட்கார்ந்து மடியில் போட்டே வளர்த்தவள். முப்பத்தொரு வருஷம் வேலைக்குப் போனவள். இதுவரை எடுத்த ஒரு போட்டோவிலும் அவள் படுத்திருந்ததில்லை.

மார்ச் 22

மேல்முறையீட்டுக் கடிதம் எழுதி முடித்தேன். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் சேர்த்திருக்கிறேன். அதன் 28ஆவது பிரிவில், வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இதற்காகும் செலவில் அரசின் உதவி என்று வருகிறது. பராமரிக்கிறவர் சற்று ஓய்வெடுக்க மாற்று ஏற்பாடு என்பதுகூட இருக்கிறது. அந்த இடத்தைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. நாங்கள் வறுமையில் இல்லை என்பார்கள். இந்தச் செலவு இப்படியே போனால் இன்னும் எத்தனை மாதம் என்று நானும் கணக்குப் போட்டு இணைத்திருக்கிறேன்.

டாக்டர் கடிதம் வந்தது. நோட்டை வைக்கவில்லை.

மார்ச் 24

மறு மதிப்பீடு ஏப்ரல் 2. மறுபடியும் காலை பத்து மணி.

மார்ச் 25

ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கும்போது அம்மாவே ஆரம்பித்தாள்.

“அந்த நோட்டைக் குடுத்துடு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“முடியாதுன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாத. என் வாயில அது வராது. எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா சொல்றேன். அப்புறம் என்ன ஆகும்னு கேட்டா அதையும் சொல்றேன். அது பொய் இல்ல.”

போர்வையை இழுத்துவிட்டு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “போய்ப் படு, நீ தூங்கி எத்தனை நாளாச்சு” என்றாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகத்தான் சொன்னாள்.

மார்ச் 31

அக்கா அடுத்த வாரத்திலிருந்து அரை நாள்தான் வருவார்.

ஏப்ரல் 2

அம்மா நாலு மணிக்கு எழுந்திருக்கவில்லை. விழித்துக்கொண்டுதான் இருந்தாள், எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு பெண் வந்தார். அம்மா இரவு உடையில், தலை கலைந்து, படுக்கையில் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

“காலிப்பரை நீங்களே மாட்டிக்க முடியுமாம்மா?”

“முடியும். உட்காருங்க, நேரமாகும்.”

இடது காலை இரண்டு கையாலும் தூக்கி இரும்புச் சட்டத்துக்குள் வைத்தாள். நழுவியது. மறுபடி தூக்கினாள். தொடைப் பட்டையைக் கோர்க்கும்போது வலது தோள் ஒத்துழைக்கவில்லை. கையைக் கீழே போட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் இருந்தாள். நான் எழப் போனேன். அம்மா தலையசைத்தாள். உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் பட்டை. கணுக்கால் பட்டை. ஷூவின் நாடாவைப் பல்லால் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தாள். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது, துடைக்கக் கை இல்லை. கடைசியில் முழங்காலில் இருக்கும் அந்த வளையத்தைக் கட்டைவிரலால் கீழே தள்ளினாள். பூட்டு விழுந்தது. க்ளிக். என் சின்ன வயதில் காலையில் என்னை எழுப்பிய சத்தம் அதுதான். அம்மா கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

நாற்பத்தேழு நிமிடம். அந்தப் பெண் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிந்த பிறகுதான் பார்த்தார்.

“எழுந்து நிக்க முடியுமாம்மா?”

“முடியும். இப்ப நின்னா மத்தியானம் சாப்பிடக் கை தூக்க முடியாது. நிக்கணுமா?”

வேண்டாம் என்றார். குனிந்து ரொம்ப நேரம் எழுதினார். கட்டத்தில் டிக் போடவில்லை, ஓரத்தில் எழுதினார். நோட்டை அம்மாவே எடுத்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 3

தூங்கிக்கொண்டே இருக்கிறாள். அவர் போனதும் காலிப்பரைக் கழற்றியது நான்தான். கழற்ற விட்டாள்.

ஏப்ரல் 5

தோள் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. தம்பியிடம் க்ளிக் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 8

கடிதம் இல்லை. போன் செய்தால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்கிறார்கள். அரை நாள் லீவு இன்னும் மூன்றுதான் பாக்கி.

ஏப்ரல் 10

11.30 திருப்பினேன். 2.05 கழிப்பறை. 3.40 அம்மா எழுப்பினாள். வலி வந்ததும் எழுப்பினாள், பொறுத்துக்கொண்டு கிடக்கவில்லை.