அவுரித் தொட்டி: பச்சை வந்த பிறகு துணியைப் போடுங்கள்

துணிக்கு நீலச்சாயம் ஏற்றும் அவுரித் தொட்டிக்கு, நாட்டு மருந்துக் கடையில் தலைக்குப் பூச விற்கிற பச்சை அவுரிப்பொடி ஆகாது. அது காய்ந்த இலை, அவ்வளவுதான். இலையை ஊறவைத்து, அந்த நீரை அடித்துக் கலக்கிக் காற்றேற்றி, படிந்த வண்டலைக் காயவைத்தால் கிடைக்கும் நீலக்கட்டிதான் வேண்டும். நல்ல கட்டியை நகத்தால் தேய்த்தால் செம்பு நிறத்தில் மினுங்கும். மினுங்கவே இல்லையென்றால் கலப்படத்தைச் சந்தேகியுங்கள்.

நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருவது தொட்டியில் பெருகும் பாக்டீரியா. அதற்குத் தீனி ஊசித்தகரை விதை. 20 லிட்டர் மூடிவாளிக்கு 200 கிராம் நீலக்கட்டியை இரவு ஊறப்போட்டு மைய அரையுங்கள். நறநறப்பு மிஞ்சினால் துணியில் புள்ளி விழும். 200 கிராம் விதையைக் குழைய வேகவைத்து, ஆறியதும் சாறோடு, அரைத்த நீலத்தையும் சேர்த்து வாளித் தண்ணீரில் ஊற்றுங்கள். நீர்த்த சுண்ணாம்பை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு, காரத்தின் அளவைக் காட்டும் பிஎச் தாளில் 10.5 காட்டியதும் நிறுத்துங்கள். தினம் ஒருமுறை அடிவரை கிளறி மூடினால் போதும். நம்மூர் வெயில் காலத்தில் சில நாளில் தயாராகிவிடும், மார்கழியில் இழுத்தடிக்கும்.

மேலே செம்பு நிறப் படலம், ஓரத்தில் நீல நுரை, உள்ளே மஞ்சள் கலந்த பச்சை: இதுதான் பதம். உள்ளேயும் நீலமாகவே நின்றால் இன்னும் நொதிக்கவில்லை, அல்லது சுண்ணாம்பு மிஞ்சி பாக்டீரியா முடங்கிவிட்டது. வெந்த விதை கொஞ்சம் சேர்த்துக் காத்திருங்கள். புளித்த வாடை அடித்தால் நேர்மாறு. நொதிக்க நொதிக்க அமிலம் ஊறி பிஎச் இறங்கும், 9.5க்குக் கீழே போக விடாமல் சுண்ணாம்பு போடவேண்டும். பல தொட்டிகள் கெடுவது இந்த அளவைத் தினமும் பார்க்காததால்தான்.

பருத்தித் துணியைக் கஞ்சி போக சலவை சோடாவில் கொதிக்கவைத்து அலசி, ஈரத்தோடு இறக்குங்கள். அடிவண்டலில் படாமல் ஐந்து நிமிடம். வெளியே எடுக்கும்போது சொட்டவிடாமல் நீர்மட்டத்திலேயே பிழியவேண்டும், சொட்டும் நீர் காற்றை உள்ளே இழுத்துப் போகும். பச்சையாக வந்த துணி காற்றுப்பட நீலமாகும். கால் மணி நேரம் விரித்துவிட்டு மறுபடி முக்குங்கள்.

அடர்நீலம் வேண்டுமென்று ஒரே முக்கில் அரைமணி நேரம் ஊறப்போடுவது வீண்வேலை. சாயம் மேலாகப் படிந்து, உடுத்துகிறவர் தோலில் ஒட்டும். குறுகிய முக்குகள் எட்டுப் பத்து போடுங்கள், கடைசியில் சோப்பு நீரில் கொதிக்கவையுங்கள். படிகாரம் வேண்டாம், நீலம் பிடிக்க அது தேவையில்லை.